வளர்ப்புப் பூனைகளில் செரிமானக் கோளாறு

வளர்ப்புப் பூனைகளில் செரிமானக் கோளாறு என்பது, இரைப்பையிலோ குடலிலோ ஏற்படும் உறுத்தலின் விளைவாக வாந்தி, இளகிய மலம், வயிற்றோட்டம், பசிக்குறைவு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ பூனையிடம் தோன்றும் நிலையாகும். இது தனியொரு நோயன்று. வெவ்வேறு காரணங்களால் உண்டாகக்கூடிய அறிகுறிகளின் தொகுப்பு. உணவு மாற்றம், விரைந்து உண்ணுதல், விழுங்கிய முடி போன்ற எளிய காரணங்களால் தோன்றி, பூனையின் ஊக்கத்தைப் பெரிதும் குறைக்காமல் ஓரிரு நாள்களில் அடங்கிவிடுவது மிதமான கோளாறு எனக் கொள்ளப்படுகிறது. அத்தகைய கோளாறு பெரும்பாலும் மருந்தின்றியே நீங்கும்.

எனினும் பூனையின் உடலியக்கம் மனிதருடையதிலிருந்தும் நாயினுடையதிலிருந்தும் சில முக்கிய வகைகளில் வேறுபடுகிறது. வயிறு கெட்டால் மனிதர் தமக்குச் செய்துகொள்ளும் இரு வைத்தியங்கள் பட்டினி கிடப்பதும் வீட்டிலுள்ள மாத்திரையை விழுங்குவதும் ஆகும். பூனையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் மூலக் கோளாறைவிடப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியவை.

பூனையின் செரிமான மண்டலம்

பூனை ஒரு கட்டாய ஊனுண்ணி. அதாவது, விலங்குணவின்றி அது நலமாக வாழ இயலாது. எலி, பறவை, பல்லி, பூச்சி எனச் சிறு இரைகளை நாளொன்றுக்குப் பலமுறை பிடித்துண்ணும் வாழ்க்கைக்கு ஏற்ப அதன் குடல் அமைந்துள்ளது. பூனையின் குடல் அதன் உடல் நீளத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கே நீளமுடையது. நாயில் இது ஏறத்தாழ ஆறு மடங்கு. மாப்பொருளைச் செரிக்கும் அமைலேசு நொதியம் பூனையின் உமிழ்நீரில் இல்லை. இனிப்புச் சுவையை உணரும் ஏற்பியை உருவாக்கும் மரபணுக்களுள் ஒன்று பூனையில் செயலிழந்துள்ளது என்பது 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆகவே, பால்கோவாவை நக்கும் பூனை நாடுவது அதன் இனிப்பை அன்று.

புரதத்தைச் சிதைத்து ஆற்றல் பெற உதவும் ஈரல் நொதியங்கள் பூனையில் எப்போதும் உயர்ந்த அளவில் இயங்குகின்றன. உணவில் புரதம் குறைந்தாலும் அவ்வியக்கம் போதிய அளவு தணிவதில்லை. இதனால் உண்ணாதிருக்கும் பூனை தன் தசைப் புரதத்தையே விரைந்து செலவிடத் தொடங்குகிறது. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் முற்றிலும் இல்லாத ஒரேயொரு வேளை உணவு, சில மணி நேரத்துக்குள் பூனையின் குருதியில் அம்மோனியாவை நச்சு அளவுக்கு உயர்த்திவிடும் என்பது 1970களில் செய்யப்பட்ட சோதனைகளில் தெரியவந்தது.

மற்றொரு வேறுபாடு நச்சுநீக்கம் தொடர்பானது. பாலூட்டிகளின் ஈரலில் பல மருந்துப் பொருள்கள் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைக்கப்பட்டு வெளியேற்றப்படுகின்றன. இப்பிணைப்பை நிகழ்த்தும் நொதியங்களுள் முக்கியமான ஒன்றுக்குரிய மரபணு பூனைகளில் செயலற்றுக் கிடக்கிறது. மனித உடல் எளிதில் அகற்றிவிடும் மருந்து பூனையின் உடலில் நெடுநேரம் தங்கி நஞ்சாவதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகளை இனங்காணல்

வாந்தி போலத் தோன்றுவன எல்லாம் வாந்தியல்ல. உண்மையான வாந்திக்கு முன் பூனை எச்சில் விழுங்கும், உதட்டை நக்கும், இடம் மாறி மாறி அமரும்; பின்னர் வயிற்றுத் தசைகள் பலமுறை இறுகி ஓங்கரித்து, இரைப்பையில் உள்ளதை வெளியேற்றும். இதற்கு மாறாக, உண்ட சில நிமிடங்களுக்குள் எவ்வித முயற்சியுமின்றிச் செரிக்காத உணவு நீளுருண்டையாக வாய்வழி வந்து விழுந்தால் அது எதுக்களித்தல் ஆகும். அவசரமாக விழுங்கியதாலும் இது நேரலாம். அடிக்கடி நிகழ்ந்தால் உணவுக்குழாயில் குறைபாடு இருக்கலாம். கழுத்தைத் தரையோடு நீட்டி, உடலைத் தாழ்த்தி, ஒன்றும் வெளிவராமல் ஓங்கரிப்பது போல ஒலியெழுப்பும் பூனை பெரும்பாலும் இருமுகிறது. முடியுருண்டை தொண்டையில் சிக்கியதாக எண்ணி மாதக்கணக்கில் கவனிக்காமல் விடப்பட்டு, பின்னர் ஆசுத்துமா எனக் கண்டறியப்படும் பூனைகள் உண்டு. நிகழும்போதே ஒரு சிறு நிகழ்படம் எடுத்து வைப்பது, மருத்துவருக்கு நூறு சொற்களில் விளக்குவதைவிடப் பயனுள்ளது.

வயிற்றோட்டத்திலும் இரு வகை உண்டு. சிறுகுடல் பாதிக்கப்பட்டால் மலம் ஒவ்வொரு முறையும் மிகுதியாகவும் நீர்த்தும் இருக்கும். கழிக்கும் தடவைகள் அவ்வளவாகக் கூடா. நாள்பட்டால் எடை குறையும். பெருங்குடல் பாதிக்கப்பட்டால் சிறிது சிறிதாகப் பலமுறை கழிக்கும், சளியும் சில வேளைகளில் பச்சைக் குருதியும் கலந்திருக்கும், முக்குதல் காணப்படும். மலத்தின்மீது ஒன்றிரண்டு கோடுகளாகப் படிந்த செந்நிறக் குருதி, பெருங்குடல் உறுத்தலில் அரிதன்று. கீலைப்போலக் கறுத்து ஒட்டும் மலம் முற்றிலும் வேறானது. அது இரைப்பையிலோ சிறுகுடலிலோ குருதி கசிந்து செரிக்கப்பட்டதன் அடையாளம். வாந்தியில் காப்பித்தூளைப் போன்ற துகள்கள் இருப்பதும் அதே பொருளுடையது.

மணல் தட்டில் நெடுநேரம் குந்தி முக்கும் பூனைக்கு மலச்சிக்கல் என்று எண்ணுவது இயல்பு. அது ஆண் பூனையானால், முதலில் ஐயுறவேண்டியது சிறுநீர்த் தடையையே. ஆண் பூனையின் சிறுநீர்வழி குறுகலானது. படிகங்களோ சளியடைப்போ அதை முழுதும் மூடிவிடலாம். அடைபட்ட பூனை முக்கும், கத்தும், பிறப்புறுப்பை நக்கும், வாந்தியும் எடுக்கும். குருதியில் பொட்டாசியம் உயர்ந்து இரண்டு மூன்று நாள்களுக்குள் இறப்பு நேரலாம். மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும்; இல்லையெனில் விடியும்வரை காத்திருத்தல் கூடாது.

காரணங்கள்

மிதமான கோளாறுக்கு மிகப் பொதுவான காரணம் உணவே. பழகிய உணவைத் திடீரென மாற்றுதல், கெட்டுப்போன மீன் அல்லது இறைச்சி, அளவுக்கு மிஞ்சி ஒரே மூச்சில் உண்ணுதல், குப்பையில் கிடைத்த எலும்பு, எண்ணெயும் மிளகாயும் சேர்ந்த குழம்பு மீதி ஆகியன வயிற்றைக் கெடுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில், மற்றொன்று பறித்துவிடும் என்னும் அச்சத்தில் மெல்லாமல் விழுங்கி அப்படியே கக்கிவிடும் பூனைக்குத் தேவைப்படுவது மருந்தன்று, தனித் தட்டு.

பால்

பூனைக்குப் பால் வைப்பது பல நாடுகளிலும் நெடுநாள் வழக்கம். தமிழர் வீடுகளில் பாற்சோறும் தயிர்ச்சோறும் பூனையின் அன்றாட உணவாக இருப்பதும் உண்டு. பால்குடி மறந்த பின் பூனைக்குட்டியின் குடலில் லாக்டேசு நொதியம் குறைந்துகொண்டே வருகிறது. செரிக்கப்படாத லாக்டோசு பெருங்குடலை அடைந்து, நீரை ஈர்த்து, நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வயிற்றோட்டத்தையும் வாயுவையும் தருகிறது. எல்லாப் பூனைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. சிறிதளவு பாலைத் தாங்கிக்கொள்ளும் பூனைகளும் உள. ஆயினும் மலம் இளகிய பூனைக்குத் தெம்பு வரட்டும் என்று பாலை மிகுத்துக் கொடுப்பது, காரணத்தையே மருந்தாகக் கொடுப்பதாகும்.

முடியும் புல்லும்

பூனையின் நாவில் பின்னோக்கி வளைந்த முட்போன்ற நீட்சிகள் உள்ளன. உடலை நக்கித் தூய்மை செய்யும்போது உதிர்ந்த முடி அவற்றில் சிக்கி உள்ளே செல்கிறது. பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். எஞ்சியது இரைப்பையில் திரண்டு வாந்தியாக வரும்போது முடியுருண்டை எனப்படுகிறது. உணவுக்குழாயின் வழியே வருவதால் அது உருண்டையாக அன்றி நீண்ட திரியாகவே பெரும்பாலும் காணப்படும். நெடுமுடிப் பூனைகளில் இது மிகுதி.

எப்போதோ ஒருமுறை முடியுருண்டை வருவது கவலைக்குரியதன்று. ஆனால், "பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும்" என்னும் பரவலான எண்ணம் தீங்கானது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட வாந்தி, வயிற்றோட்டம், எடைக்குறைவு முதலியனவும் அலகிடலில் தடித்த சிறுகுடலும் காணப்பட்ட 100 பூனைகளின் குடல் திசு ஆராயப்பட்டது. அவற்றுள் 99 பூனைகளுக்குக் குடல் நோய் இருந்தது. ஏறத்தாழப் பாதியில் அது நாள்பட்ட அழற்சி, கிட்டத்தட்ட மற்றப் பாதியில் நிணநீர்ப் புற்று. வாரந்தோறும் முடியுருண்டை கக்கும் பூனைக்கு, முடியைக் குடலுக்குத் தள்ளவேண்டிய அசைவே குன்றியிருக்கக்கூடும்.

புல் தின்னுதல் பூனைகளின் இயல்பான பழக்கம். நோயுற்றதால் புல்லைத் தேடுகிறது என்று கூறப்பட்டாலும், புல் தின்னும் பூனைகளுள் பெரும்பாலானவை முன்னதாக எவ்வித நோய்க்குறியும் காட்டுவதில்லை. எல்லாம் பின்னர் வாந்தியெடுப்பதும் இல்லை. பூனை வணங்கி எனவும் பெயர்பெற்ற குப்பைமேனியின் வேர் பூனைகளை ஈர்த்துப் புரளச் செய்யும். அச்செடியின் இலைச்சாறு மனித மருத்துவத்தில் வாந்தி உண்டாக்கப் பயன்பட்டது என்பதால், அதை மென்ற பூனை கக்கினால் வியப்பில்லை.

சில செடிகள் இவ்வாறு விளையாட்டாக விடத்தக்கவை அல்ல. லில்லி இனச் செடிகளின் இலை, பூ, மகரந்தம், பூச்சாடியின் நீர் ஆகிய எதுவும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். முதற்குறி வெறும் வாந்தியாகவே இருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் அதிலுள்ள கோல்ச்சிசின் கடும் நஞ்சு. அதுவும் வாந்தியாகவும் வயிற்றோட்டமாகவுமே தொடங்குகிறது.

ஒட்டுண்ணிகளும் தொற்றுகளும்

உருளைப்புழு, கொக்கிப்புழு, தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வரும் நாடாப்புழு ஆகியன குட்டிகளிடத்தும் வெளியே திரியும் பூனைகளிடத்தும் மிகுதி. மலத்தின்மீதோ வாலடியிலோ அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்பட்டால் அவை நாடாப்புழுவின் கணுக்கள். சியார்டியா, காக்சிடியா போன்ற ஓரணு உயிரிகள் குட்டிகளில் நீங்காத வயிற்றோட்டத்தைத் தரும்.

தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தி, சோர்வு, காய்ச்சல் சேர்ந்து வந்தால் அதை மிதமான கோளாறாகக் கருதலாகாது. பான்லூக்கோபீனியா என்னும் பார்வோ தீநுண்ம நோய் குருதி வெள்ளணுக்களையும் குடற்சுவரையும் ஒருங்கே தாக்கி, குட்டிகளைச் சில நாள்களில் கொன்றுவிடும். இத்தீநுண்மம் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிர்ப்புடன் இருக்கவல்லது.

வீட்டில் பராமரித்தல்

பூனை வயது முதிர்ந்ததாகவோ குட்டியாகவோ இல்லாமல், விழிப்புடனும் நடமாட்டத்துடனும் இருந்து, ஓரிரு முறை மட்டும் வாந்தியெடுத்தோ மலம் இளகியோ இருந்தால், ஒன்றிரண்டு நாள் வீட்டிலேயே கவனிக்கலாம். இதில் முதன்மையான கேள்வி, பூனை உண்கிறதா என்பதே.

பட்டினியின் தீங்கு

வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க 24 மணி நேரம் உணவை நிறுத்தவேண்டும் என்பது முன்னர் நாய்களுக்கும் பூனைகளுக்கும் பொதுவாகக் கூறப்பட்ட அறிவுரை. இன்று பூனைகளுக்கு அவ்வாறு அறிவுறுத்தப்படுவதில்லை. உணவு நின்றவுடன் உடல், சேமித்த கொழுப்பை ஈரலுக்கு அனுப்புகிறது. பூனையின் ஈரல் அதை எரிக்கவோ திரும்ப வெளியனுப்பவோ முடியும் வேகத்தைவிடக் கொழுப்பு வந்துசேரும் வேகம் மிகுதி. ஈரல் செல்கள் கொழுப்பால் நிரம்பி வீங்கிச் செயலிழக்கின்றன. ஈறும் காதின் உட்புறமும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகின்றன. ஈரல் கொழுப்பேற்றம் எனப்படும் இந்நோய் பருமனான பூனைகளில் இரண்டு மூன்று நாள் உண்ணாமையாலேயே தொடங்கக்கூடும். தொடங்கியபின் பசி மேலும் அற்றுப்போவதால் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. குழாய்வழி உணவூட்டிப் பல வாரங்கள் பேணினால் பல பூனைகள் பிழைக்கின்றன. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இறக்கின்றன. எனவே, கொழுத்த பூனை இரண்டு நாள் உண்ணாவிட்டால், வாந்தி நின்றிருந்தாலும் அதை நலமடைந்ததாகக் கொள்ள முடியாது.

வாந்தியெடுத்த சிறிது நேரம், அதாவது சில மணி நேரம், உணவு வைக்காமலிருப்பதில் தவறில்லை. அதற்குமேல் சிறு பங்குகளாகத் தொடங்கவேண்டும். குட்டிகளுக்கு இந்த இடைவெளியும் குறுகியதாக இருக்கவேண்டும்; அவற்றின் குருதிச் சர்க்கரை விரைந்து தாழும்.

உணவு

தோல், எலும்பு, உப்பு இல்லாமல் நீரில் வேகவைத்த கோழி நெஞ்சிறைச்சியை நார்நாராகப் பிய்த்து, ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி அளவில், நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை கொடுக்கலாம். முள் நீக்கிய வெண்ணிற மீனும் ஏற்றதே. நன்கு குழைந்த சோறு சிறிதளவு சேர்க்கலாம்; சோறே பெரும்பங்காகவும் கோழி மணத்துக்காகவும் இருப்பது பூனைக்குப் பொருந்தாது. பூனை வழக்கமாக உண்ணும் ஈர உணவு அதற்கு ஒத்துக்கொள்வதாயின் அதையே சிறு பங்குகளாகத் தருவது இன்னும் எளிது. உடற்சூட்டளவுக்கு இளஞ்சூடாக்கினால் மணம் எழுந்து பசியைத் தூண்டும்.

வெந்த இறைச்சியில் கால்சியம் இல்லை. வேகவைத்த நீரோடு டாரினில் ஒரு பகுதியும் போய்விடும். ஆகவே இது இரண்டு மூன்று நாளைக்குரிய உணவேயன்றி நிலையான உணவன்று. பச்சை மீனில் பல இனங்கள் தயமின் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியத்தைக் கொண்டிருப்பதால் அதைத் தவிர்க்கவேண்டும். மலம் இறுகியபின் மூன்று நான்கு நாள்களில் படிப்படியாகப் பழைய உணவுக்குத் திரும்பலாம்.

வெங்காயமும் பூண்டும் சேர்ந்த எதையும் கொடுக்கலாகாது. பூனையின் ஈமோகுளோபின் ஆக்சிசனேற்றச் சிதைவுக்கு மிக எளிதில் உள்ளாவது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 5 கிராம் வெங்காயமே குருதிச் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தப் போதுமானது. நான்கு கிலோகிராம் பூனைக்கு இது 20 கிராம், அதாவது ஒரு சின்ன வெங்காயமோ இரண்டோ. வேகவைப்பதால் நஞ்சு நீங்குவதில்லை. மீன்குழம்பில் கழுவிக் கொடுத்த மீன்துண்டு பாதுகாப்பானது என்பதும் சரியன்று.

நீர்

பூனை பாலைநில மூதாதையிடமிருந்து தோன்றியது; தாகம் குறைவு, தேவையான நீரின் பெரும்பகுதியை இரையிலிருந்தே பெறும். ஈர உணவில் நீர் 75 விழுக்காட்டுக்கு மேல், உலர் உணவில் ஏறத்தாழ 10 விழுக்காடு. உலர் உணவு மட்டும் உண்ணும் பூனைக்கு வயிற்றோட்டம் வந்தால் நீரிழப்பு விரைவில் நேரும். அகன்ற கிண்ணங்களில் பல இடங்களில் நீர் வைப்பதும், உப்பிடாத கோழிச்சாற்றைச் சிறிது கலப்பதும் உதவும். மருந்தூசிக் குழலால் வாயில் நீரைப் பீய்ச்சுவது மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடியது. விழுங்க மறுக்கும் பூனைக்கு அவ்வாறு புகட்டலாகாது.

நீரிழப்பை அறியத் தோள்களுக்கிடையே தோலைத் தூக்கி விடலாம். உடனே படிந்துவிட்டால் நன்று, கூடாரம்போல நின்றால் நீர் குறைந்துள்ளது. முதிய பூனைகளில் தோலின் நெகிழ்வே குறைந்திருப்பதால் இது பிழையான முடிவு தரும். அவற்றின் ஈறைத் தொட்டுப் பார்ப்பது நம்பகமானது. ஈரமாக வழுக்கவேண்டும், பிசுபிசுக்கக்கூடாது. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்கவேண்டும்.

கொடுக்கக்கூடாத மருந்துகள்

பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 10 மி.கி. அளவிலேயே நச்சுக்குறிகள் பதிவாகியுள்ளன. மனிதருக்குரிய 500 மி.கி. மாத்திரை ஒன்றைக் கால்பங்காக்கி நான்கு கிலோகிராம் பூனைக்குக் கொடுத்தால்கூட அளவு 30 மி.கி.யைத் தாண்டும். குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பு நிறமாகும். ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். அசிட்டைல்சிசுட்டீன் என்னும் முறிவு மருந்து உண்டு. அது மணிக்கணக்குக்குள் தரப்படவேண்டும். வயிறு கெட்ட பூனையின் உடல் சுடுகிறது என்று கருதிக் கொடுக்கப்படும் காய்ச்சல் மாத்திரை இவ்வாறு உயிர் பறிக்கிறது. பூனையின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39.2 பாகை செல்சியசு. மனிதக் கைக்கு நலமுள்ள பூனையும் சூடாகவே தோன்றும்.

இபுப்புரோஃபென், டைக்குளோஃபினாக் ஆகியன இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தரும். ஆசுப்பிரினும், பிசுமத் கலந்த வயிற்று மருந்துகளிலுள்ள சாலிசிலேட்டும் பூனையின் உடலிலிருந்து மிக மெதுவாகவே நீங்குகின்றன. வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோப்பரமைடு சில பூனைகளில் கட்டுக்கடங்காத கிளர்ச்சியை உண்டாக்கும். மலச்சிக்கலுக்கு மனிதர் பயன்படுத்தும் பாசுபேட்டுக் குடற்கழுவல் பூனையின் குருதி உப்புகளைக் குலைத்துக் கொல்லவல்லது. திரவப் பாரஃபினை வாய்வழி ஊற்றினால், அது சுவையற்றதாகையால் இருமல் தூண்டப்படாமலேயே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஓமநீர், பெருங்காயம் முதலிய வீட்டு மருந்துகள் பூனைக்குப் பயன் தருவதாக நிறுவப்படவில்லை. கட்டாயப்படுத்திப் புகட்டுவதால் ஏற்படும் அச்சமே பூனையை மேலும் உண்ணவிடாமல் செய்யும்.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. கட்டிலின் அடியிலோ அலமாரியின் பின்னோ சென்று ஒடுங்குவது, நக்கித் தூய்மை செய்வதை நிறுத்துவது போன்றவை, கத்துவதைவிட முக்கியமான குறிகள். ஒரே நாளில் பலமுறை வாந்தி, நீர்கூடத் தங்காமை, 24 மணி நேரம் எதுவும் உண்ணாமை, குருதி கலந்த வாந்தி, கறுத்த மலம், தொட்டால் நோகும் வயிறு, மஞ்சள் நிறம், தள்ளாட்டம், சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். குட்டிகளும் சினைப்பூனைகளும் நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவையும் மிதமான குறிகளுடனேயே காட்டப்படவேண்டியவை.

நூல் தனியே கூறத்தக்கது. தையல் நூல், பூ கட்டும் நார், சரிகை, பட்ட நூல் ஆகியவற்றைப் பூனை விளையாட்டாக விழுங்கிவிடும். ஒரு முனை நாவின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்க, மறுமுனை குடலுக்குள் இழுபட்டுச் செல்லும். குடல் அந்நூலின்மீது சுருங்கி மடிந்து, நூல் குடற்சுவரை அரத்தைப்போல் அறுக்கும். வாயிலோ குதத்திலோ நூல் தொங்கினால் அதை இழுக்கவே கூடாது. அவ்வாறு இழுப்பதால் குடல் பல இடங்களில் கிழியும். விட்டுவிட்டு வரும் வாந்தியும் உணவு மறுப்புமே பல வேளைகளில் இதன் முதற்குறிகள்.

வாந்தியோ வயிற்றோட்டமோ மூன்று வாரங்களுக்கு மேல் விட்டுவிட்டுத் தொடர்ந்தால் அது நாள்பட்டது எனப்படும். நடுத்தர வயதைக் கடந்த பூனை நன்றாக உண்டும் எடை குறைந்து, வாந்தியும் எடுத்தால் தைராய்டு மிகைச் சுரப்பு ஐயுறப்படவேண்டும். பூனைகளில் இந்நோய் 1979ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் மருத்துவமனையும் வளர்ப்பு விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கின்றன. செல்லும்போது புதிய மலத்தை மூடிய சிறு குப்பியில் எடுத்துச் செல்வது நன்று.

மருத்துவம்

மருத்துவர் முதலில் வயிற்றைத் தொட்டும் நாவின் அடியைப் பார்த்தும் சோதிப்பார். தேவைக்கேற்ப மலம், குருதி, சிறுநீர் ஆய்வும், ஊடுகதிர்ப் படமும், மீயொலி அலகிடலும் செய்யப்படும். நீரிழப்பு மிதமாயின் தோலுக்கடியிலும் கடுமையாயின் சிரைவழியும் நீர்மம் ஏற்றப்படும். வாந்தியைக் கட்டுப்படுத்த மாரோப்பிட்டன்ட், ஒன்டான்செட்ரான் ஆகியன பயன்படுகின்றன. காது மடலில் தடவும் மிர்டாசப்பின் களிம்பு, பூனைகளின் எடைக்குறைவுக்காக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது பசியைத் தூண்டுகிறது.

சாதாரண வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அவை குடல்வாழ் நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைப்பதும், பெரும்பாலான கோளாறுகள் அவையின்றியே தணிவதும் தெளிவானதால், இன்று தக்க காரணமின்றி அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. மாத்திரையை வெறுமனே வாயிலிட்டு விழுங்கச்செய்தால் அது உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கலாம். டாக்சிசைக்கிளின் இதற்குப் பேர்போனது. மாத்திரைக்குப் பின் சிறிது ஈர உணவோ சில மில்லிலீட்டர் நீரோ உட்செல்வது இன்றியமையாதது.

தடுப்பு

புதிய உணவுக்கு மாறும்போது பழையதோடு கலந்து, 7 முதல் 10 நாள்களில் சிறிது சிறிதாக விகிதத்தை மாற்றவேண்டும். நெடுமுடிப் பூனையை நாள்தோறும் சீவுவது முடியுருண்டைக்குக் களிம்பைவிடச் சிறந்த தீர்வு. குடற்புழு நீக்கமும் தெள்ளுப்பூச்சிக் கட்டுப்பாடும் ஒருங்கே செய்யப்படவேண்டும். தெள்ளு இருக்கும்வரை நாடாப்புழு மீண்டும் வரும். பான்லூக்கோபீனியாத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரமாவது நிறையும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போடப்படுகிறது. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பவர்கள், கண்ணுக்குப் புலப்படாத மெலிவையும் முன்னதாகவே அறிந்துகொள்வர்.

மனிதருக்குப் பரவும் வாய்ப்பு

உருளைப்புழுவின் முட்டைகள் மண்வழி குழந்தைகளின் வாயை அடைந்து தொற்றலாம். டாக்சோபிளாசுமா என்னும் ஓரணு ஒட்டுண்ணியின் கூடுகள் தொற்றுற்ற பூனையின் மலத்தில் சில வாரங்கள் வெளிப்படுகின்றன. அவை வெளிவந்து 1 முதல் 5 நாள்கள் கழிந்த பின்னரே தொற்றும் நிலையை அடையும். மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்தால் இவ்வாய்ப்பு பெரிதும் குறையும். கருவுற்ற பெண்கள் அப்பணியை வேறொருவரிடம் விடுவது நல்லது. அதற்காகப் பூனையையே வீட்டைவிட்டு அகற்றவேண்டியதில்லை. வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இத்தொற்றுக்கு முக்கிய வழிகளாக உள்ளன.